என் காலுக்கு நீ கடைந்த ஆறு ஸ்க்ரூ

என் அன்பு அண்ணனுக்கு,

அன்பு என்ற சொல்லை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. அந்தச் சொல் பொய்யில்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நீ உயிரோடு இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். எட்டு வயசு மூத்தவன். அப்பா போன பிறகு என்னை பி.எஸ்சி. வரை படிக்க வைத்தவன். இன்றைக்கு நீ என்று எழுதுகிறேன். கோபம் வந்தால் வரட்டும். இனிமேல் உன்னால் என்னை அதட்ட முடியாது.

போன மாதம் ஆராதனை முடிந்த கையோடு உனக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். சேலையூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் முன்னால் வந்து, கையில் எதையும் பிடிக்காமல் பீடம் வரை நடந்து காட்டினார். "தேவசகாயம் தம்பி செஞ்ச ஸ்க்ரூ என் இடுப்புல இருக்கு" என்று சொல்லிவிட்டு அழுதார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். லில்லி அண்ணி தலையைக் குனிந்தபடியே இருந்தாள்.

பிறகு போதகர் என்னைப் பார்த்தார். "கூடப் பிறந்த தங்கச்சி ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார். நான் கோலை ஊன்றிக்கொண்டு எழுந்தேன். எனக்குப் பேச வராது என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். துக்கத்தில் வாயடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். போதகரும் அப்படித்தான் நினைத்தார். "பரவாயில்லம்மா, சபை இதழுக்கு எழுதிக் குடுங்க" என்றார்.

எழுதுகிறேன். அவர் இதைப் போடுவாரா என்று எனக்குத் தெரியாது.

இதைப் படிக்கிற எல்லோருக்கும் உன்னைத் தெரியும் என்று சொல்ல முடியாது. குரோம்பேட்டை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். உள்ளே இரண்டு லேத் மெஷின். ஒன்றில் நீ, இன்னொன்றில் பல்லாவரத்து காதர் பாய். ஆரம்பத்தில் சைக்கிள் கடைக்காரர்களுக்கும் பம்பு செட் ரிப்பேர்காரர்களுக்கும் நட்டு, போல்ட்டு கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். அறுபதுகளில் வெளிநாட்டுச் சாமான் வருவது குதிரைக்கொம்பாக இருந்த சமயம், ஒரு எலும்பு டாக்டர் உன்னைத் தேடிக்கொண்டு வந்தார். வார்டில் கால் உடைந்தவர்கள் மாதக் கணக்கில் கிடக்கிறார்கள், தகடு வைத்து முடுக்க ஸ்க்ரூ இல்லை, செய்து தர முடியுமா என்று கேட்டார்.

நீ செய்தாய். துருப்பிடிக்காத எஃகில் கடைந்து, பளபளவென்று தேய்த்து, டெட்டால் போட்டுக் கழுவி, கண்ணாடிச் சீசாவில் போட்டுக் கொடுத்தாய். கீழ்க்காலின் நடு எலும்பு உடைந்தவர்களுக்கு அதை வைத்தார்கள். அது பிடித்தது. பிடித்ததை நான் மறுக்கவில்லை. அந்த வருஷம் வீட்டுக்கு யார் வந்தாலும் சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூவை எடுத்துக் காட்டுவாய். குட்டிக் குட்டியாக, நெருக்கமாக, சீப்புப் பல் மாதிரி மரை. திருகில் சுற்றிச் சுற்றி ஓடுகிற அந்த வரிக்குத்தான் மரை என்று பெயர் என்பதே எனக்கு உன்னிடமிருந்து தெரிந்தது. "மரை எவ்வளவு நெருக்கமோ, பிடி அவ்வளவு கெட்டி" என்பாய். யாரும் கேட்காமலே சொல்வாய்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயசு. தாம்பரத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு சாயங்காலம் குரோம்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. ஒரு கால் பிளாட்பாரத்தில், ஒரு கால் படியில். விழுந்த வேகத்தில் இடது முழங்கால் பிளாட்பார விளிம்பில் இடித்தது. முட்டிக்குக் கொஞ்சம் கீழே எலும்பு நொறுங்கியிருக்கிறது, தகடு வைத்து ஆறு நீள ஸ்க்ரூ போட வேண்டும் என்றார் அதே டாக்டர்.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஷெட்டுக்கு ஓடினாய். மறுநாள் மத்தியானம் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்து என் கட்டிலில் பிரித்துக் காட்டினாய். "பாரு ரூபி, ஆறும் நானே கடைஞ்சது. காதர் பாயைத் தொட விடல." உன் கண் சிவந்திருந்தது. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த நிமிஷம் உன்னைவிட நல்ல அண்ணன் இந்த ஊரில் யாருக்கும் கிடையாது என்று நினைத்தேன். அதை நினைத்தவளும் நான்தான். மறைக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் ஒன்றே ஒன்று சொன்னார். பத்து வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. நான் ஊன்றவில்லை. இதைத் தனி வரியாகவே எழுதத் தோன்றுகிறது.

நான் ஊன்றவில்லை.

எல்லாம் படுக்கையிலேயே. இருபத்தாறு வயசுப் பெண்ணுக்கு அது எவ்வளவு கூச்சம் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? கட்டிலுக்குக் கீழே வைக்கிற தட்டை எடுக்க நர்ஸ் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். எழுந்து போய்விடலாம் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. கணக்கு டீச்சர் அண்ணா நான். பத்து என்றால் பத்து.

ஆறாவது வாரம் ஒரு காலையில் நர்ஸ் சொன்னபடி காலை நேராக வைத்து மெத்தையிலிருந்து கொஞ்சம் தூக்கினேன். தினமும் செய்கிற பயிற்சிதான். உள்ளே ரஸ்க் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். வலி அப்புறம்தான் வந்தது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். மேலே இருந்த ஸ்க்ரூக்கள் பின்னுக்கு வந்திருந்தன. தகடு எலும்பை விட்டு எழும்பியிருந்தது. டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"காலை ஊனினியாம்மா?"

"இல்ல டாக்டர்."

"பாத்ரூமுக்கு, கீத்ரூமுக்கு, ஒரு தடவையாவது?"

"இல்ல டாக்டர். ஒரு தடவை கூட இல்ல."

நீ கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாய். அந்தப் படத்தைப் பார்த்தாய். என்னைப் பார்க்கவில்லை. "ஊனியிருப்பா டாக்டர். அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே அவசரம் ஜாஸ்தி" என்றாய்.

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். வீட்டில் பால் பொங்கி வழிந்தால் சொல்கிற மாதிரி. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே கேஸ் ஷீட்டில் எழுதினார். நோயாளி, டாக்டர் சொன்னதைக் கேட்காமல் காலை ஊன்றியதால். அவ்வளவுதான், அதுதான் என் சரித்திரம் ஆகிவிட்டது.

திரும்ப ஆபரேஷன். ஸ்க்ரூவை எல்லாம் எடுத்தார்கள். திருப்பிப் போட அங்கே நல்ல எலும்பு மிச்சமில்லை என்று, இடுப்பிலிருந்து தொடைவழியாகப் பாதம் வரை மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். பிரித்தபோது முட்டி பாதிக்கு மேல் மடங்கவில்லை. ஒரு கால் குட்டை. பள்ளிக்கூடத்தில் மேல் மாடி வகுப்பு எனக்கு முடியாது என்று ஆபீஸில் உட்கார வைத்தார்கள். சம்பளப் பட்டியலும் வருகைப் பதிவும் எழுதினேன். கரும்பலகைப் பக்கம் திரும்பப் போகவே இல்லை.

லில்லி அண்ணி எனக்குச் செய்யாத பணிவிடை இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் ஒவ்வொரு வேளையும் சோற்றோடு அந்தப் பேச்சும் வரும். "நாலு வாரம் பொறுத்திருந்தா ராணி மாதிரி நடந்திருப்பே. கேட்டாத்தானே." விருந்தாளி வந்தாலும் அதே பேச்சு. "பாவம், அவசரப்பட்டுட்டா." நீ பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாய். உன் கை ஒரு தடவையாவது தட்டில் நின்றிருக்கிறதா என்று இன்றைக்கு யோசித்துப் பார்க்கிறேன். ஞாபகமில்லை.

நீ எனக்குச் செய்ததில் மிகக் கெட்டது எது தெரியுமா? காலைக் கெடுத்தது இல்லை. கொஞ்ச நாளில் நானே நம்ப ஆரம்பித்தேன். தூக்கத்தில் எழுந்து நடந்திருப்பேனோ? ஜுரத்தில் தெரியாமல் இறங்கியிருப்பேனோ? பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாளின் விலாசத்தைக் கண்டுபிடித்து ஊரப்பாக்கம் வரை போய்க் கேட்டேன். "நீ அசையவே மாட்டியேம்மா, உன்னைப் பார்த்துத்தானே நானும் சும்மாக் கிடந்தேன்" என்றாள். அதையும் நான் முழுதாக நம்பவில்லை. என் அண்ணனே சொல்லியிருக்கிறானே. பெற்ற தகப்பன் மாதிரி இருந்தவன். அவன் எதற்குப் பொய் சொல்லப் போகிறான்?

ஏழு வருஷம் அப்படி இருந்தேன்.

அதற்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் காதர் பாயைப் பார்த்தேன். உன் ஷெட்டை விட்டுச் சொந்தமாகச் சந்தைக்குப் பின்னால் சின்ன பட்டறை வைத்திருந்தார். என் கையிலிருந்த கோலைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"இன்னா டீச்சரம்மா, இன்னுமா கோலோட நடக்கறீங்கோ?"

"என்ன பண்றது பாய். சொன்னதைக் கேக்காம காலை ஊனிட்டேனே."

நான் அதை மனப்பாடமாகச் சொல்லி வந்தேன். பாய் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். பிறகு, "யார் சொன்னது?" என்றார்.

"எல்லாரும்தான். அண்ணன்தான்."

"அண்ணனா சொன்னாரு? இன்னிக்கு வரிக்குமா சொல்லிகினு கீறாரு?" அவர் பக்கத்துக் கடை மர ஸ்டூலை இழுத்து என்னை உட்காரச் சொன்னார். "ஒங்க கால்லேர்ந்து எட்த்த ஸ்க்ரூவ அவரு ஷெட்டுக்கு எட்த்துகினு வந்தாரு டீச்சரம்மா. பூதக்கண்ணாடி வெச்சிப் பாத்தாரு. மரை பூரா எலும்புத் தூளு. அப்படியே அடைச்சிகினு கீது. ஸ்க்ரூவுக்கு ஒண்ணும் ஆவல. எலும்புதான் பொடிஞ்சி வந்துருக்கு. ரெண்டு நாளு யாராண்டயும் பேசல அவரு. மூணாம் நாளு, மரை வெட்ற அந்த டைய எட்த்து அடிப்பெட்டில போட்டாரு. புது டூலு தீட்டி, புது மரை வெட்னோம். அதுக்கப்பால முட்டிக்கும் இடுப்புக்கும் போன ஸ்க்ரூ அல்லாம் புது மரைதான். வெளிய சொல்லாதீங்கன்னாரு. நான் ஒங்களாண்ட அவரே சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

சந்தை இரைச்சல் எல்லாம் எங்கோ போய்விட்டது. எனக்கு வந்த முதல் உணர்ச்சி கோபம்கூட இல்லை, அண்ணா. நான் ஊன்றவில்லை என்ற நிம்மதிதான். பிறகுதான் மற்றது.

ஆனாலும் ஒருவர் பேச்சைக் கேட்டு ஏழு வருஷம் ஏமாந்தவள், இன்னொருவர் பேச்சைக் கேட்டு உடனே நம்பிவிடக் கூடாது என்று நினைத்தேன். கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன் பாயிடம். அடுத்த சனிக்கிழமை காலையில் வரச் சொன்னார்.

இரண்டு விதமாகவும் ஸ்க்ரூ கடைந்து வைத்திருந்தார். ஒன்று உன் பழைய மரை, நெருக்கமாக, ஆழமில்லாமல், இரண்டு பக்கமும் ஒரே சரிவு. இன்னொன்றில் நடுத்தண்டு மெல்லிசு, மரை அகலமாக வெளியே நீண்டு, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருந்தது. ஸ்க்ரூவின் தலையைப் பார்த்த பக்கம் படிக்கட்டு மாதிரி தட்டை. நுனியைப் பார்த்த பக்கம்தான் சரிவு. கசாப்புக் கடையிலிருந்து மாட்டுக் கால் எலும்பு கொண்டு வந்திருந்தார். முட்டிப் பக்கம் அறுத்ததைக் காட்டினார். வெளியே மெல்லிய ஓடு. உள்ளே பஞ்சு மாதிரி, தேன்கூடு மாதிரி. அதே எலும்பின் நடுத்தண்டு அப்படியில்லை, தந்தம் போலக் கெட்டி.

"இரும்புல இரும்பு பூந்தா ஒண்ணுக்கொண்ணு தாங்கும்" என்றார் பாய். "இங்க நட்டு யாரு? எலும்பு. அது ஸ்க்ரூ மாதிரி கெட்டி கெடையாது. அதுக்கு எடம் வுடணும். மரைய நெருக்கி வுட்டா, ரெண்டு மரைக்கு நடுவுல கீற எலும்பு அப்பளம் மாதிரி ஆயிடும். இழுத்தா பொடிஞ்சிடும். தள்ளித் தள்ளி வெச்சா நடுவுல நெறைய எலும்பு மாட்டும். அப்ப சீக்கிரம் வுடாது."

"சரிவு?"

"ரெண்டு பக்கமும் சரிவா இருந்தா, இழுக்கச் சொல்ல எலும்ப ஆப்பு மாதிரி பொளக்கும். தட்டையா இருந்தா நேரா தாங்கும்."

எலும்பைத் தரையில் இறுக்கிக் கட்டினோம். ஸ்க்ரூவின் தலையில் கொக்கி மாட்டி, கடப்பாரையை நெம்புகோலாக வைத்து, மறுமுனையில் வாளியைத் தொங்கவிட்டு, அதில் நானே முகந்து முகந்து மணல் போட்டேன். உன் பழைய மரை, முக்கால் வாளியில் கழன்றது. ரஸ்க் ஒடிகிற சத்தம். வெளியே வந்த ஸ்க்ரூவின் மரையெல்லாம் எலும்புத் தூள். புது மரைக்கு ஒரு வாளி நிறைந்து, இரண்டாவது வாளியையும் தொங்கவிட வேண்டியிருந்தது.

எலும்புக்கு எலும்பு வித்தியாசம் இருக்குமே என்று வேறு வேறு எலும்பில், வேறு வேறு இடத்தில் மாற்றி மாற்றிச் செய்யச் சொன்னேன். ஒன்றில் கூட முடிவு மாறவில்லை. கடைசியாக நடுத்தண்டின் கெட்டி எலும்பில் உன் பழைய மரையை முடுக்கிப் பார்த்தோம். அது அசையவில்லை. மணல் தீர்ந்துவிட்டது, அது அசையவில்லை. அதனால்தான் கீழ்க்காலின் நடு எலும்பு உடைந்தவர்கள் எல்லோரும் நடந்தார்கள். கெட்டி எலும்புக்குப் பொருந்திய மரையைப் பஞ்சு எலும்புக்கும் போட்டுவிட்டாய். தெரியாமல் செய்தாய். அது தப்புத்தான், பாவமில்லை. அதற்காக நான் உன்னோடு ஒரு நாள்கூடச் சண்டை போட்டிருக்க மாட்டேன். நீயே வந்து சொல்லியிருந்தால் உன் தலையைத் தடவிக் கொடுத்திருப்பேன்.

அஸ்தினாபுரத்தில் தனியாகக் குடிபோயிருந்த நான் அன்றைக்கே சிட்லபாக்கத்தில் உன் வீட்டுக்கு வந்தேன். அண்ணி ஏரிப்பக்கம் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். நீ பனியனோடு ஈஸிசேரில் இருந்தாய். உன் முன்னால் இரண்டு ஸ்க்ரூவையும் வைத்தேன். பார்த்த உடனே உனக்குப் புரிந்துவிட்டது. காதர் பாய் பெயரை நான் சொல்லவே இல்லை.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"எக்ஸ்ரேல சந்தேகம். வெளிய எடுத்தப்ப தெரிஞ்சுது."

"அப்ப ஏன் என்மேல போட்டீங்க?"

நீ ஜன்னலைப் பார்த்தபடி பேசினாய். "அந்த நிமிஷம் வாய்ல வந்துடுச்சு ரூபி. அப்புறம் மாத்திச் சொன்னா டாக்டர் என் ஸ்க்ரூவையே தொட மாட்டார். வார்டுல படுத்திருக்கறவங்க கதி என்ன?"

"அண்ணிகிட்டயாவது சொல்லியிருக்கலாமே. அவங்க பேசறப்பல்லாம் பக்கத்துலதானே இருந்தீங்க."

அதற்கு நீ சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "உன் கால் சரியாயிருந்தா சொல்லியிருப்பேன்."

அப்படியென்றால் என்ன அர்த்தம், அண்ணா? என் நஷ்டம் சின்னதாக இருந்திருந்தால் உன்னால் உண்மையைத் தாங்க முடிந்திருக்கும். பெரியதாகப் போனதால் அதை நானே சுமக்க வேண்டும். அப்படித்தானே? உன்னிடம் நான் கேட்டது இரண்டே பேரிடம் சொல்லச் சொல்லி. டாக்டரிடம், அண்ணியிடம். கிறிஸ்துமஸ் முடியட்டும் என்றாய். கிறிஸ்துமஸ் முடிந்தது. ஈஸ்டர் முடிந்தது. நாலு கிறிஸ்துமஸ் முடிந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை. உன் வாயிலிருந்து வரட்டும் என்று பிடிவாதமாகக் காத்திருந்தேன். ஒரு திங்கட்கிழமை ஷெட்டில் லேத் பக்கத்திலேயே மாரைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாய் என்று வந்து சொன்னார்கள். அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு வந்த நினைப்பு, சொல்லாமலே தப்பித்துவிட்டான் என்பதுதான். அதற்காக எத்தனை நாள் முழங்காலிட முடியாத இந்தக் காலோடு உட்கார்ந்து ஜெபம் பண்ணினேன், உனக்குத் தெரியுமா?

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். நினைவுக் கூட்டம் முடிந்து அண்ணி என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காபி கொடுத்துவிட்டு, "உங்க அண்ணனைப் பத்தி ரெண்டு வார்த்தை உனக்கு வரலியா?" என்று கேட்டாள். கசப்பாகத்தான் கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தை, மணல், ஈஸிசேர், எதையும் விடவில்லை.

அண்ணி எழுந்து நின்றாள். "செத்தவரைப் பத்தி இப்படிப் பேசறதுக்கு உனக்கு வாய் எப்படி வந்துது? உன்னை வளர்த்தாரே" என்றாள். காபி டம்ளரைக்கூட எடுக்காமல் உள்ளே போய்விட்டாள். நான் அஸ்தினாபுரம் வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவளே என் வாசலில் நின்றாள். உன் ஷெட்டை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்று உனக்குத் தெரியாது. எண்ணெய்க் கறை படிந்த புடவையோடு வந்திருந்தாள். "அடிப்பெட்டியைத் திறந்தேன். டை இருந்தது" என்றாள். "எனக்குக் காட்டு. நான் பார்க்கணும்."

காதர் பாய் பட்டறைக்குப் போனோம். அவருக்கு முடி நரைத்துவிட்டது. அதே மாதிரி எலும்பைக் கட்டினார். மணலை அண்ணியே போட்டாள். பழைய மரை கழன்று விழுந்ததும் குனிந்து அதைக் கையில் எடுத்து, மரையில் அடைத்திருந்த தூளை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். நெடு நேரம் சுரண்டினாள். "நான் உனக்குச் சோறு போடும்போதெல்லாம் என்ன பேசினேன்" என்றாள். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. திரும்பி வரும்போது ரோட்டைத் தாண்டுகிற இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தாண்டின பிறகும் விடவில்லை.

டாக்டரிடம் போக வேண்டும் என்று சொன்னதும் அவள்தான். அவர் ரிடையர் ஆகி எங்கள் அஸ்தினாபுரத்திலேயே வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். இத்தனை நாளும் நாலு தெரு தள்ளித்தான் இருந்திருக்கிறார். அண்ணி இரண்டு ஸ்க்ரூவையும் அவர் மேஜைமேல் வைத்தாள். நான் பேச ஆரம்பிப்பதற்குள் அவளே சொன்னாள். "சார், இவ காலை ஊனல. என் வீட்டுக்காரர் செஞ்ச ஸ்க்ரூதான் பிடிக்கல. அது அவருக்குத் தெரியும்."

கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"நானும் அன்னிக்கே ஸ்க்ரூவைப் பார்த்திருக்கணும். மரையைப் பார்த்திருந்தா எனக்கும் புரிஞ்சிருக்கும். உங்க அண்ணன் சொன்னது எனக்கும் வசதியா இருந்துதும்மா" என்றார்.

நீ ஒரு தடவைகூடச் சொல்லாத அளவு நேராக அந்த மனுஷர் சொன்னார். பழைய கேஸ் ஷீட் எங்கே இருக்குமோ, கரையான் தின்றிருக்கும் என்றார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தன் கைப்பட எழுதினார். நோயாளி கட்டளையை மீறவில்லை, காலை ஊன்றவில்லை, பஞ்சு எலும்புக்குப் பொருந்தாத மரையே காரணம், அப்போது எழுதியது தவறு. கீழே கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார். பன்னிரண்டு வருஷம் கழித்து வந்த அந்தத் தாளை வாங்கிக்கொண்டு நான் என்ன செய்ய முடியும்? முட்டி மடங்கப் போவதில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை அண்ணி வாய்விட்டுப் படித்தாள்.

சேலையூர்ப் பெரியவர் பீடம் வரை நடந்தாரே, அவர் இடுப்பில் இருப்பது என் கால் கற்றுக்கொடுத்த மரை. அவரிடம் யாராவது அதைச் சொன்னார்களா? நீ சொன்னாயா? அவர் நடக்கட்டும், நன்றாக நடக்கட்டும். அதில் எனக்குப் பொறாமை இல்லை. அந்த மரை எங்கிருந்து வந்தது என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று அண்ணி கேட்டாள். இல்லை என்றேன். இனிமேல் வருமா என்றும் எனக்குத் தெரியாது. வந்தால் சிட்லபாக்கத்துக் கல்லறைக்கு நானே வந்து உன்னிடம் சொல்கிறேன். வராவிட்டாலும் வருகிறேன். வராததை வந்தது என்று சொல்லி உன்னைச் சமாதானப்படுத்த மாட்டேன். உனக்கு நான் தருகிற வாக்கு அது ஒன்றுதான், அண்ணா. உன் விஷயத்தில் நான் பொய் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்தவள்,
ரூபி